எது வேகம் என்று கேட்டார்கள்

1

போன மாதம் எங்கள் கப்பல் பட்டறையில் கரண்ட் போனது. ஊரில் இதை ஒரு செய்தி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிங்கப்பூரில் எனக்குப் பதினைந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கிரேன் எதையோ தூக்கித் திரும்பும்போது கேபிளில் இடித்துவிட்டது என்றார்கள். நான் வேலை செய்கிற டூல் ஸ்டோரில் விளக்கு அணைந்து, மின்விசிறி நின்று, எதிரே இருந்த கம்ப்யூட்டரும் கறுத்துப் போனது. ஒரு வெல்டருக்கு கிரைண்டிங் மெஷினைக் கொடுத்துவிட்டு அவருடைய நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தேன். பாதி தட்டியிருப்பேன்.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே எதையோ சரிபார்த்தது. பிறகு திரை வந்தது. காலையிலிருந்து நான் கொடுத்த சாமான் எல்லாம் கொடுத்தபடி இருந்தது. பாதியில் நின்ற கிரைண்டிங் மெஷினை மட்டும் அது சேர்த்துக்கொள்ளவில்லை. மறுபடி தட்டு என்றது. தட்டினேன். அவ்வளவுதான்.

எங்கள் சூப்பர்வைசர் சீனர். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கும் அது ஒன்றுமில்லை. நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பிள்ளை பிரபு ஆறு வருஷத்துக்கு முன்னால் சொன்னது இதைத்தான். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரான சிங்கப்பெருமாள் கோயிலில் சொந்தக்காரர்களுக்கு அவன் மாமன் தொழிலைக் கெடுத்தவன். கல்யாணப் பந்தியிலும் சொல்கிறார்கள், சாவு வீட்டிலும் சொல்கிறார்கள். அந்தப் பெயரை அவன் மேலிருந்து எடுக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது பெரிய ஆசை கிடையாது. வீடு கட்டியாகிவிட்டது. உடம்பில் சர்க்கரை வந்தாகிவிட்டது. பாக்கி இது ஒன்றுதான்.

2

நான் ஐந்தாவது வரை படித்தவன். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் கூலியாக இருந்து, தொண்ணூற்று மூன்றில் இங்கே வந்தேன். அப்போது பிரபு ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். அவனையும் என் மனைவி மலரையும் அவளுடைய அண்ணன் ஏழுமலையின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தேன். மச்சான் நல்லவிதமாகவே பார்த்துக்கொண்டார். காய்ச்சல் என்றால் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்து என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். நான் பணம் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, சாப்பிட்டியா, படிக்கிறியா, அம்மா சொன்னபடி கேக்கறியா என்று கேட்டேன். நாலாவது கேள்விக்கு எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான்.

ஏழுமலை ஒரே ஒரு வேனில் ஆரம்பித்தார். மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற கான்ட்ராக்ட். பிறகு வேன்கள் பெருகின. ஒரு வேன் திருக்கழுக்குன்றம் போகும், ஒன்று மாமல்லபுரம் போகும், ஒன்று கடலோரமாக நெம்மேலி வரை போய்ப் பெண் பிள்ளைகளை ஏற்றி வரும். யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்த ஸ்டாப், எந்த வண்டி என்று வாரத்துக்கு வாரம் மாறும். எல்லாவற்றையும் தன் தலையில் வைத்திருந்தார். தலை தாங்காமல் போனபோது கம்ப்யூட்டர் வாங்கினார். பிரபு அப்போதுதான் காலேஜ் முடித்திருந்தான். கம்ப்யூட்டர் படிப்பு.

"நீ போடுடா, வெளியாளுக்கு எதுக்குக் கொடுக்கணும்" என்று மாமன் சொல்ல, மருமகன் போட்டான். அதுதான் அவனுடைய முதல் வேலை. மலர் என்னிடம் போனில் அதைச் சொன்னபோது அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. அண்ணன் செய்ததற்கெல்லாம் பிள்ளை திருப்பிச் செய்கிறான் என்கிற பெருமை.

3

பிரபு போட்டது பெரிய சிஸ்டம். என்ன பெயர் என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அது எப்படி வேலை செய்யும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். எதைச் செய்வதற்கு முன்னாலும், இதைச் செய்யப்போகிறேன் என்று ஓர் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு செய்யும். சரியாகச் செய்தோமா என்று பார்க்கும். ஒரே பெண்ணை இரண்டு வேனில் போட்டால் கேட்கும். சீட்டுக்கு மேல் ஆள் போனால் ஒத்துக்கொள்ளாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஆளின் ஷிஃப்டை மாற்றினால் ஒருவரை நிறுத்தி வைக்கும். இவ்வளவும் செய்ய நேரம் எடுக்குமல்லவா? எடுத்தது.

விடியற்காலையில் டிரைவர்களுக்கு அன்றைய டிரிப் ஷீட் கொடுக்கவேண்டும். ஏழுமலை வாங்கிப்போட்டதோ பழைய கம்ப்யூட்டர். அதில் இந்தப் பெரிய சிஸ்டம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தது. டிரைவர்கள் டீ குடித்து, பீடி பிடித்து, இன்னொரு டீ குடித்து, அப்புறமும் தாள் வரவில்லை என்று சத்தம் போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் எனக்கு போன் செய்தார். அவர் எனக்கு போன் செய்வது அபூர்வம்.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. உங்க கம்பெனில கம்ப்யூட்டரு கீதுல்ல, அதுல தட்டினா எம்மா நேரத்துல வருது?"

அப்போது எங்கள் ஸ்டோரில் பழைய புரோகிராம் இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஆள் நம்பர், சாமான் நம்பர், ஒரு தட்டு. முடிந்தது.

"தட்டின உடனே வரும் மச்சான்."

"பாத்தியாடா!" இது எனக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற என் பிள்ளைக்குச் சொன்னது. "உங்கப்பனே சொல்றான். சிங்கப்பூர்ல, கப்பல் கட்டற எடத்துல, சின்ன புரோகிராமு வெச்சி ஓட்டிக்கினு கீறாங்கோ. நீ இன்னாடான்னா என் வேனுக்கு ஏரோப்ளேனக் கொண்டாந்து நிறுத்திக்கீற!"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். டிரைவராக இருக்கும். பிரபு போனை வாங்கினான்.

"அப்பா, அங்க ஒரே நேரத்துல எத்தினி பேரு தட்டறாங்க?"

"நான் ஒருத்தன்தான்டா."

"கரண்ட் போவுமா?"

"இங்க எங்க போவுது?"

"அதான்பா" என்றான்.

அதான்பா என்றால் என்ன என்று கேட்பதற்குள் போன் மச்சான் கைக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு எந்த நிறம் அடிப்பது என்று என்னைக் கேட்கவில்லை. பிள்ளை என்ன படிப்பது என்று கேட்கவில்லை. மாமல்லபுரம் ரோட்டில் மனை வாங்கியதையும் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு விஷயத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள் என்றால் அது என் பிள்ளைக்கு எதிராக சாட்சி சொல்லத்தான். நான் சொன்னது பொய்யில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சின்னதுதான் வேகம். ஏன் வேகம் என்று அடுத்த கேள்வியை யாராவது கேட்டிருக்கலாம்.

4

பிரபு பெரியதை எடுத்துவிட்டுச் சின்னதைப் போட்டான். எல்லாம் ஒரே ஒரு ஃபைல். எழுதி வைத்துக்கொள்வது கிடையாது, சரிபார்ப்பது கிடையாது. தட்டினால் நேராகப் போய் எழுதும். "மாமா, வேகமா ஓடும். ஆனா எழுதிக்கினு இருக்கறப்ப கரண்ட் போச்சுன்னா ஃபைல் எழுந்திரிக்காது" என்று சொல்லியிருக்கிறான். "இன்வெர்ட்டர் கீதுடா, போவாது" என்றாராம் மாமன். ஆபீசில் தட்டுகிற சுகந்தி என்ற பெண்ணிடம் தினமும் இரண்டு ஃப்ளாப்பியில் காப்பி எடுக்கச் சொன்னான். அவளும் ஒழுங்காக எடுத்தாள்.

டிரிப் ஷீட் பறந்து வந்தது. டிரைவர்கள் முதல் டீயை முடிப்பதற்குள் தாள் கையில். ஏழுமலை ஊரெல்லாம் சொன்னார், "நான் சொன்னேன், இவன் கேக்கல. இப்ப பாரு."

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

வேன்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஆபீசை மெழுகி, மேசை மேல் சரஸ்வதி படம் வைத்தாகிவிட்டது. பிரபு சென்னைக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தவன் திரும்பவில்லை. கம்பெனிகள் விஜயதசமிக்கு மறுநாள் திறக்கும்போது ஷிஃப்ட் எல்லாம் மாறுகிறது. அந்தப் புது லிஸ்ட்டை சுகந்தி தட்டிக்கொண்டிருந்தாள். பூஜை நேரம் நெருங்கியது. படத்தைச் சுற்றி சீரியல் பல்பு போட்டார்கள். மாட்டுவதற்கு பிளக் பாயின்ட் இல்லை. மச்சானின் மனைவி, என் மலருக்கு அண்ணி, கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி பல்பை மாட்டினார்.

"அக்கா, அக்கா, எழுதிக்கினு கீது" என்று சுகந்தி பதறியிருக்கிறாள்.

"ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்கற நாளு, நீ இன்னாடி இன்னும் தட்டிக்கினு குந்திக்கினு கீற? எழுந்து கால் கழுவிக்கினு வா."

இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சீரியல் பல்பு அதில்தான் எரிந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தார்கள், கீபோர்டுக்கு வைத்தார்கள், பிரிண்டருக்கு வைத்தார்கள். இரண்டு ஃப்ளாப்பியும் ஆயுதம்தானே என்று தட்டில் வைத்து, அதன் வாயை மூடியிருக்கும் இரும்புத் தகடு மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, அதன் மேல் குங்குமம் வைத்தார்கள். பக்தியில் ஒரு குறையும் இல்லை. தாராளமாகவே வைத்திருந்தார்கள்.

விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்துத் திறந்தார்கள். ஃபைல் எழுந்திருக்கவில்லை. ஃப்ளாப்பியைப் போட்டார்கள். சந்தனம் உள்ளே போய்க் காய்ந்திருந்தது. கரகரவென்று சத்தம் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. இரண்டாவதைப் போட்டபோது அந்தச் சத்தமும் வரவில்லை.

பிரபு பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆபீசுக்கு வந்திருக்கிறான். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டானாம். "பிளக்க யார் புடுங்கினது?"

"சாமி காரியத்துக்குப் புடுங்கினது. அதுக்கின்னா இப்போ?" என்றார் அத்தை.

"நீ போட்டது நிக்கலன்னா சாமி மேல பழி போடுவியா?" என்றார் மாமன்.

 பிரபு கம்பெனி கம்பெனியாகப் போய் லிஸ்ட் வாங்கிவந்து, சுகந்தியோடு உட்கார்ந்து தட்டினான். அதற்குள் வேன்கள் டிரைவர்களின் ஞாபகத்தில் ஓடின. அவர்கள் ஞாபகத்தில் இருந்தது பழைய ஷிஃப்ட். நெம்மேலியில் இருட்டோடு வந்து ரோட்டோரம் நின்ற பெண் பிள்ளைகள் விடிந்து வெயில் ஏறும்வரை சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே போகவேண்டிய வேன் காலியாகச் செங்கல்பட்டு போய் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. கம்பெனியில் ஒரு லைன் முழுக்க ஆளில்லாமல் நின்றது. இருந்ததில் பெரிய கான்ட்ராக்ட் அது. அந்த மாதத்தோடு கைமாறியது.

"கம்ப்யூட்டர் படிச்சவன்னு நம்பி வுட்டேன்" என்று ஏழுமலை எல்லோரிடமும் சொன்னார். பிளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் அது பூஜையைக் குறை சொன்னது போலாகும். மலரும் பேசவில்லை. "எங்க அண்ணன் சோறு போட்ட கைங்க" என்றாள் என்னிடம். நானும் பேசவில்லை. கடல் தாண்டி இருக்கிறவனுக்குப் பேசாமல் இருப்பது சுலபம். போன் கார்டு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

பிரபு பெங்களூர் போனான். போனவன் பொங்கலுக்கு வருவான், ஒரு நாள் இருப்பான், போய்விடுவான். முன்னெல்லாம் என்னை நீ என்பான். இப்போது நீங்க என்கிறான்.

5

இங்கே எங்கள் ஸ்டோரில் பழைய புரோகிராமை எடுத்துவிட்டுப் பெரியதைப் போட்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால். படம் காட்டுகிறது. பளு தூக்குகிற சங்கிலிக்கு சோதனைத் தேதி தீர்ந்துவிட்டதா என்று பார்க்கிறது. வாங்க வந்தவனுக்கு அந்த மெஷின் ஓட்ட டிரெய்னிங் இருக்கிறதா என்று பார்க்கிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஜன்னலுக்கு வெளியே வரிசை வளரும். தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் எனக்குத் திட்டு விழும்.

"இன்னா அண்ணாத்த, மெஷினு நாஸ்தா துண்ணப் போயிடுச்சா?" என்பார் ஜமால் பாய். கோவளத்துக்காரர், கிரேனில் பளு கட்டித் தூக்குகிற ரிக்கிங் வேலை. "பழசு எவ்ளோ சோக்கா ஓடிச்சி. இது பேஜாரு புடிச்ச மெஷினு."

ஆமாம், பழசு சோக்காக ஓடியது. சோதனை தீர்ந்த சங்கிலியைக் கேட்டாலும் கொடு என்று சொல்லிவிடும். அது எதையும் கேட்காது. கேட்காததுதான் அதன் வேகம். கரண்ட் போகாத ஊரில், ஒரே ஆள் தட்டுகிற இடத்தில், சங்கிலி அறாதவரைக்கும் அதைவிட நல்ல மெஷின் கிடையாது. அறுந்தால் அதற்குக் கீழே நிற்பவன் பாடு.

வருஷா வருஷம் பெர்மிட் புதுப்பிக்கப் போவேன். கவுன்டரில் இருக்கிற பெண் என்னைப் பார்க்கமாட்டாள், திரையைப் பார்ப்பாள். என்னைப் பற்றி அதில் இருப்பது நம்பர், பிறந்த தேதி, கட்டைவிரல், எந்தத் தேதியில் திரும்பிப் போகவேண்டும் என்பது. பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதா என்று அதற்குத் தேவையில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. இந்த ஊரில் எல்லாம் வேகம் என்று ஊருக்கு வரும்போது நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கரண்ட் போன அன்று இதையெல்லாம் பிரபுவிடம் சொல்லவேண்டும் என்று போன் செய்தேன். "மீட்டிங்கில் இருக்கேன்பா" என்றான். மறுநாளும் மீட்டிங்.

6

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, நல்லாக்கீறியா? சக்கர எப்டி கீது? ஒரு நல்ல சேதி. நம்ம கோயிலாண்ட புச்சா கம்பெனிங்கோ வருதுல்ல, அதுல பெரிய கான்ட்ராக்ட்டு கெடைக்கும்போல கீது. ஆனா கம்ப்யூட்டர்ல எல்லாம் பக்காவா இருக்கணும்னு கேக்கறாங்கோ. உன் புள்ளைகிட்ட சொல்லேன். அன்னிக்கு மொதல்ல போட்டான் பாரு, பெரிசு, அதையே போடச் சொல்லு. நான் கேட்டா அவன் இன்னா சொல்வானோ, நீ சொன்னா கேப்பான்."

 நாலாவது கேள்வி கேட்கத் தெரியாதவன் நான். ஆனாலும் கேட்டேன்.

"மச்சான், அன்னிக்குத் தப்பு அவன் மேல இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கில்ல. அண்ணி, மலரு, டிரைவருங்க இருக்கறப்ப சொல்லுங்க. அப்பறம் நான் அவன்கிட்ட கேக்கறேன்."

 மச்சான் சிரித்தார். "இன்னா மாப்ள, அது எப்பவோ நடந்தது. அத இன்னாத்துக்கு இப்ப கிளறிக்கினு? நான் இன்னா அவன வெட்டிப் போட்டுட்டேனா?"

"அப்ப நான் கேக்கமாட்டேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மூத்தவர் பேசும்போது நான் போனை வைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.  சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடுகிற தேக்காவில், கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, யாராவது என்ன விஷயம் என்று கேட்டால் சொல்லிவிடலாம் போல இருந்தது. யாரும் கேட்கவில்லை. பிரபுவைக் கூப்பிட்டேன். எடுத்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனது, ஸ்டோரில் எதுவும் அழியாமல் இருந்தது, மாமா கேட்டது, நான் மறுத்தது.

"எதுக்குப்பா, எந்த மேட்டர்?" என்றான்.

"ஆயுத பூஜைடா. அத்தை பிளக்கப் புடுங்கினது."

"ஓ, அதுவா!" சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். "அத நான் ஆபீஸ்ல கதையா சொல்லுவேன்பா. புதுசா சேர்றவங்களுக்கு டிரெய்னிங் எடுக்கும்போது முதல் உதாரணமே அதுதான். குங்குமம் வெச்ச ஃப்ளாப்பி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"ஊர்ல உன்னைப் பத்தி..."

"ஊர்ல என்ன வேணா சொல்லிட்டுப் போறாங்க. நான் அங்க இருக்கப்போறதில்லையே." பக்கத்தில் யாரிடமோ இங்கிலீஷில் ஏதோ சொன்னான். பிறகு என்னிடம் வந்தான். "ஆமா, மாமாகிட்ட ஏன் மாட்டேன்னு சொன்னீங்க? நல்ல ஆர்டர்தானே? டிரான்ஸ்போர்ட்டுக்குன்னே எங்ககிட்ட ரெடியா ஒரு புராடக்ட் இருக்கு. நான் நேரா செய்யமுடியாது, எங்க சேல்ஸ் டீம் பேசுவாங்க. மாமாவோட மெயில் ஐடி மட்டும் வாங்கிக் கொடுங்க. சரிப்பா, வெச்சிடறேன். மாத்திரை போட்டுக்குங்க."

 அங்கேயே நின்றபடி மச்சானைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார், பக்கத்திலேயே வைத்திருந்தார் போல. மெயில் ஐடி வேண்டும் என்றேன்.

"பாத்தியா" என்றார். "புள்ளைக்கு கீற தெளிவு உனக்கு இல்ல மாப்ள. நீ இன்னும் அதையே புடிச்சிக்கினு தொங்கற."

சுகந்தியைக் கூப்பிட்டுக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.